சூடேறி வந்த வண்டிகள்

மே மாதத்தில் எங்கள் ஹைதராபாத் மல்லாபூர் ஷெட்டுக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் ஒரே குறையோடுதான் வரும். "பண்டி ஹீட் அவுதுந்தி அன்னா" என்பார் டிரைவர், வண்டி சூடாகிறது என்று. வெயில் 42, 43 டிகிரியைத் தொடும் நாட்கள். உப்பல் பக்கம் மேம்பாலத் தூண்களுக்கு நடுவே ஊர்ந்து, நாச்சாரம் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று, ஏசியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு வந்திருக்கும் வண்டி. இந்த வெயிலில் சூடாகாமல் என்ன செய்யும் என்று அவரே காரணமும் சொல்லிவிடுவார். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. குளிரூட்டும் பாகங்கள் ஒழுங்காக இருக்கும் கார் அந்த வெயிலிலும் நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கும். வெப்ப ஊசி நடுவிலேயே இருக்கும். அதற்காகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். வெயிலைக் காரணம் சொல்லும் மெக்கானிக் இன்னும் பானெட்டைத் திறந்து பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

நான் செகந்திராபாத் தமிழன். அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, 1980களின் கடைசியில் ராணிகஞ்சில் ஓர் உஸ்தாதிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ஷெட்டில் நின்றவை பெரும்பாலும் அம்பாசடரும் பத்மினியும்தான். அம்பாசடர் டிரைவர்கள் டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாமல் கிளம்ப மாட்டார்கள். மேட்டில் ஆவி கிளம்பினால் ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்து, ஒரு டீ குடித்து, தண்ணீர் ஊற்றிக் கிளம்பிவிடுவார்கள். அந்த இன்ஜின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. எத்தனையோ முறை கொதித்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

மாருதி 800 அதற்கு முன்பே, 1983 டிசம்பரில் வந்திருந்தது. அலுமினிய ஹெட், மின்சார ஃபேன். எடை குறைந்தது, மைலேஜ் கூடியது. ஆனால் அலுமினியம் சூட்டில் விரிகிற அளவு இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. போல்ட் போட்டு இறுக்கி வைத்த ஹெட் அளவுக்கு மீறிச் சூடானால் விரிய இடமில்லாமல் வளைகிறது. பல சிறு கார்களுக்கு அனுமதிக்கப்பட்ட வளைவு 0.05 மில்லிமீட்டர். தலைமயிர் பருமனைவிடக் குறைவான அளவு அது. அதைத் தாண்டினால் ஹெட் கேஸ்கெட் பிடிக்காது. எரிகிற வாயு தண்ணீர்ப் பாதைக்குள் போகும், தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். அம்பாசடர் காலத்துப் பழக்கத்தில், "கொஞ்சம் சூடாகுது, வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று இன்றைக்கு ஓட்டினால் அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் செலவு வைக்கும்.

ஊற்றுகிற பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது. மிச்சம் இன்ஜின் உடம்பில் இறங்குகிறது. அதைக் கூலன்ட் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். கார் பிறந்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை இருக்கிறது. 1888-ல் பெர்த்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சென்றபோது, வழியில் கண்ட இடத்திலெல்லாம் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டேதான் போனார். கொதித்து ஆவியாகிப் போவதுதான் அந்த வண்டியின் குளிரூட்டும் முறை. 1900-ல் வில்ஹெல்ம் மேபாக் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூட்டு ரேடியேட்டர் செய்த பிறகு, தண்ணீருக்காக அடிக்கடி நிற்கும் தேவை வெகுவாகக் குறைந்தது. நாம் இன்று பொருத்தும் ரேடியேட்டர் அந்த வம்சம்தான்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஹைதராபாத் கடல்மட்டத்துக்கு மேலே ஐந்நூறு மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் அதே தண்ணீர் 120 டிகிரி அளவுக்குப் போனாலும் கொதிக்காது; பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே போகும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். சில நூறு ரூபாய்ச் சாமான். இதே காரணத்தால்தான் சூடான ரேடியேட்டரைத் திறக்கக் கூடாது என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறோம். அழுத்தம் போனதும் உள்ளே இருப்பது ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீறிடும். அப்படி வெந்துபோன கைகளை என் ஷெட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

இனி ஒரு பெரியவர் கதை. மௌலாலி டீசல் லோகோ ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் பக்கத்துத் தமிழர். பத்து வருடம் ஓடிய ஒரு பெட்ரோல் ஹாட்ச்பேக் வைத்திருந்தார். உப்பல் சாலை நெரிசலில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அந்தக் காரில் வெப்ப ஊசியே கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிஞ்சினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். ஊசியை எடுத்துவிட்டு விளக்கு வைத்த இந்த ஏற்பாட்டை நான் வெறுக்கிறேன். ஊசி ஏறுவதைப் பத்து நிமிடம் முன்பே பார்க்கலாம். சிவப்பு விளக்கு எரியும்போது நேரம் ஏற்கெனவே கடந்திருக்கும். பெரியவர் விளக்கைப் பார்த்ததும் இன்ஜினை நிறுத்தி, தள்ளி ஓரம் கட்டி, டோ வண்டி வரவழைத்து, ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து எஸ்டிமேட் வந்தது: ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹாஃப் இன்ஜின் (பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த அடிப்பாகம்) மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, வண்டியே இரண்டரை லட்சத்துக்குத்தான் போகும். இதைச் செய்யவா, இப்படியே விற்றுவிடவா?"

"விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீங்க, ஐயா?"

"ஓட்டவே இல்லையே. லோகோவில் ஹாட் இன்ஜின் அலாரம் அடித்தால் என்ன செய்யணும்னு முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்."

அந்தப் பதிலைக் கேட்டதும் ஹெட் வளைந்திருக்காது என்று எனக்கு முக்கால்வாசி நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் நம்பிக்கையை வைத்து எஸ்டிமேட் எழுத முடியாது. வண்டியை ஷெட்டுக்கு வரவழைத்தோம்.

முதலில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன், ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட காபி நிறத்தில் நுரை ஒட்டியிருக்கும். இல்லை. கூலன்ட் டப்பாவில் ஆயில் படலமும் இல்லை. அடுத்து மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்த்தேன்; கேஸ்கெட் போன இன்ஜினில் சூடாவதற்கு முன்பே ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி கிளம்பும். குமிழி இல்லை. பிறகு நீல மருந்துச் சோதனை. ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம், அதை ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளே இருக்கும் ஆவியை உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடால் நீலம் மஞ்சளாக மாறும். பெரியவரைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு செய்தேன். நீலம் நீலமாகவே இருந்தது.

அப்புறம் பிரஷர் டெஸ்டர். கைப்பம்பு போன்ற சாதனம், மேலே ஒரு டயல். மூடியின் இடத்தில் அதை மாட்டி 1 பார் ஏற்றி விட்டுவிட்டால், எங்காவது கசிவு இருந்தால் முள் இறங்கும். முள் அசையவில்லை. அதே சாதனத்தில் பழைய மூடியை மாட்டிச் சோதித்தபோது, அது பாதி அழுத்தத்திலேயே விட்டுவிட்டது. கூலன்ட் எங்கே காணாமல் போனது என்பதற்கு அங்கே பதில் கிடைத்தது: மூடி வழியாகக் கொதித்து வெளியேறியிருக்கிறது.

ஆனால் ஏன் அவ்வளவு சூடாக வேண்டும்? ஏசியைப் போட்டேன். ஏசி போட்டால் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றவில்லை. ஃபியூஸ் சரி, ரிலே சரி. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தும் ஃபேன் அசையவில்லை. மோட்டாரின் கார்பன் தேய்ந்து முடிந்திருந்தது. "போன மாதம் முதலே சிக்னலில் நின்றால் ஏசி குளிரவில்லை, வண்டி நகர்ந்தால் குளிர்கிறது" என்று அப்போதுதான் பெரியவர் சொன்னார். ஏசி கன்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால்தான் இருக்கிறது. இரண்டுக்கும் அந்த ஒரே ஃபேன்தான். ஃபேன் சாகும்போது முதல் தகவல் ஏசியிலிருந்துதான் வரும். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கேட்கத் தெரிந்தால் டிரைவரின் பேச்சிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். நெரிசலில் சூடாகி, வேகம் எடுத்தால் இறங்குகிறதா? ஃபேன் பக்கம் பாருங்கள். நெரிசலில் சரியாக இருந்து, அவுட்டர் ரிங் ரோட்டில் நூறில் போகும்போதோ மேட்டில் ஏறும்போதோ சூடாகிறதா? ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், இந்த மூன்றில் ஒன்று. மேல் ஹோஸ் கொதித்துக் கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள். ராணிகஞ்சில் உஸ்தாத் எனக்கு முதலில் கற்றுத் தந்ததே இரண்டு ஹோஸிலும் கை வைத்துப் பார்ப்பதைத்தான். இப்போது ஓபிடி ஸ்கேனர் இருக்கிறது. கூலன்ட்டின் டிகிரியை அப்படியே காட்டும், ஃபேன் எந்த டிகிரியில் போடப்படுகிறது என்பதைக்கூடக் காட்டும். நல்ல சாதனம். இருந்தாலும் நான் இன்றும் ஹோஸைத் தொட்டுப் பார்க்கிறேன்.

பெரியவரின் ரேடியேட்டரைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. வெளியே தகடுகளுக்கு இடையில் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தன. உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. சர்வீஸின்போது யாரோ போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். இந்த ஊர் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. போர் தண்ணீரில் கல்சியம் அதிகம். பக்கெட்டின் அடியில் வெள்ளைப் படலம் விடுகிற தண்ணீர் ரேடியேட்டர் குழாயில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், உயிர் பிழைக்க வேண்டுமே. ஆனால் ஷெட்டுக்கு வந்ததும் அதை வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டை ஊற்ற வேண்டும். வடித்ததைச் சாக்கடையில் விடக் கூடாது என்று என் பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாய் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். குழந்தை கைக்கு எட்டினாலும் அதே ஆபத்துதான்.

புது ரேடியேட்டர், ஃபேன் மோட்டார், மூடி, முன்னெச்சரிக்கையாக ஒரு தெர்மோஸ்டாட், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. பெரியவர் அந்த வண்டியில் குடும்பத்தோடு திருப்பதி போய்வந்தார்.

அந்த ஒர்க்‌ஷாப் ஏமாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். எஸ்டிமேட் எப்படிப் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். கூலன்ட் குறைந்திருக்கிறது, சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது, வண்டி டோவில் வந்திருக்கிறது. ஃபேனை மட்டும் மாற்றிக் கொடுத்து, அடுத்த வாரம் கேஸ்கெட் போனால் வாடிக்கையாளர் வாசலில் வந்து சத்தம் போடுவார். அந்தப் பயத்தில் பெரிய வேலையாகவே எழுதிவிடுகிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது: நோயைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நம் ஊரில் யாரும் காசு கொடுப்பதில்லை. "சும்மா பாருங்கண்ணா" என்பார்கள். மூடியைத் திறந்து, நீல மருந்து வைத்து, பிரஷர் ஏற்றிக் காத்திருந்து, ஃபேனுக்கு நேர் வயர் கொடுத்துப் பார்க்க அரை நாள் ஆகிறது. அந்த அரை நாளுக்குக் கூலி இல்லையென்றால் மெக்கானிக் எதில் சம்பாதிப்பான்? சாமான் மாற்றுவதில்தான். பெரிய சாமான், பெரிய லாபம். நான் சோதனைக்குத் தனிக் கூலி வாங்குகிறேன். வேலை என்னிடமே செய்தால் பில்லில் கழித்துவிடுவேன். ஆரம்பத்தில் இதற்காகச் சண்டை போட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. இப்போது அவர்களில் சிலரே ஆள் அனுப்புகிறார்கள்.

பெரிய எஸ்டிமேட் எல்லாமே தவறு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு டாக்ஸி ஓட்டும் பையன் வந்தான். ஷம்ஷாபாத் ஏர்போர்ட் சவாரி, மாதாமாதம் ஈஎம்ஐ. டீசல் வண்டி. ஊசி ஏறும்போதெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறான். கடைசி நாளில் ஊசி மேலே போய்ப் பிறகு தானாகவே கீழே இறங்கியிருக்கிறது. சரியாகிவிட்டது என்று நினைத்து ஓட்டியவனுக்குச் சிறிது நேரத்தில் இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. ஊசி இறங்கியதற்குக் காரணம் உள்ளே தண்ணீரே இல்லாமல் போனதுதான். வெப்ப சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். காற்றில் தொங்கினால் குறைத்துக் காட்டும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே ஊசி நல்ல செய்தி சொல்லும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ டிரைவர்களின் வண்டி போயிருக்கிறது.

மல்லாபூரில் நான் ஷெட் போட்டதற்கு ஒரு காரணம் பக்கத்திலேயே இருக்கும் லேத் பட்டறைகள். ஹெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். அங்கே ஸ்ட்ரெய்ட் எட்ஜை அந்த டாக்ஸியின் ஹெட் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தோம். அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு தடிமனான தகடு தாராளமாகப் போனது. வால்வுகளுக்கு நடுவில் விரிசலும் இருந்தது. சிலிண்டரில் பிஸ்டன் பிடித்த கீறல்கள். அந்தப் பையனுக்கு நான் எழுதிய எஸ்டிமேட்டும் ஹாஃப் இன்ஜின்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அன்னா, ஹெட்டை மட்டும் ஃபேஸிங் பண்ணிப் போட்டுக் கொடு" என்று கெஞ்சினான். விரிசல் விட்ட ஹெட்டை இழைத்துப் போட்டால் ஒரு மாதம் ஓடும். அந்தப் பணமும் போகும். டீசலில் அளவுக்கு மீறி இழைத்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. முடியாது என்று சொல்லிவிட்டேன். கடைசியில் பழைய இன்ஜின் ஒன்று வாங்கிப் பொருத்தினோம், பேப்பர்களோடு. பேப்பர் இல்லாத பழைய இன்ஜினை நான் ஷெட்டுக்குள் விடுவதில்லை. திருட்டு வண்டியின் இன்ஜின் என்றால் பொருத்தியவனும் மாட்டிக்கொள்வான். இன்ஜின் எண் மாறினால் ஆர்டிஓவில் எழுதிக் கொடுத்து ஆர்சியில் மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில் தலைவலி.

இன்ஷூரன்ஸ் என்றதும் நினைவு வருகிறது: சாதாரண மோட்டார் பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. இன்ஜின் புரொடெக்ட் என்று கூடுதல் பணம் கட்டி வாங்கியிருந்தாலும், அது பெரும்பாலும் வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கானது. விளக்கு எரிந்த பிறகும் ஓட்டிக் கெட்டதற்கு எதிர்பார்க்க வேண்டாம்.

ஹெட் வேலை உண்மையிலேயே தேவைப்பட்டால் மலிவான எஸ்டிமேட்டைத்தான் நான் சந்தேகப்படுவேன். பல இன்ஜின்களில் ஹெட் போல்ட் ஒருமுறை இழுபட்டால் அவ்வளவுதான். புதிது போட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கப் பழைய போல்ட்டையே போடுவார்கள், டார்க் ரென்ச் இல்லாமல் கை பலத்தில் இறுக்குவார்கள், நடுவிலிருந்து வெளியே என்ற வரிசையும் பார்க்க மாட்டார்கள். சில மாதங்களில் அதே கேஸ்கெட் மறுபடி போகும். ஹெட்டை லேத் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்தார்களா, புது போல்ட் போட்டார்களா, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்களா, முதலில் சூடானதற்கான காரணத்தைச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் தலையாயது. ஃபேன் செத்த வண்டிக்குப் புது ஹெட் போட்டு அனுப்பிய கதையும் எங்கள் மல்லாபூர் தொழிற்பேட்டையில் நடந்திருக்கிறது.

சாலையில் விளக்கு எரிந்தாலோ ஊசி ஏறினாலோ ஏசியை அணையுங்கள். ஓரம் கட்டுவதற்குச் சில நொடி தேவைப்பட்டால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். கொஞ்சம் சூட்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். நிறுத்தியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை வீசாதீர்கள். டோ வண்டிக்கு ஆகும் இரண்டாயிரம் மூவாயிரத்தைப் பார்த்துத் தயங்கவே தயங்காதீர்கள்.

எஸ்டிமேட் கைக்கு வந்தால், எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதை அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சாமானுக்கும் கூலிக்கும் தனித்தனிக் கணக்கு கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பி வாங்குங்கள். நேர்மையான ஒர்க்‌ஷாப் எதற்கும் கோபப்படாது. பணம் கொடுத்தும் வேலை பொய்யாகிப்போனால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே புகார் செய்யக் கட்டணம் கிடையாது. அந்தக் காகிதங்கள்தான் அங்கே உங்களுக்குச் சாட்சி. அதற்கெல்லாம் முன்னால், வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதுமே சோதனைக் கூலி எவ்வளவு என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். நியாயமாகச் சொன்னால் பேரம் பேசாமல் கொடுங்கள்.